பிசிறு சொல்லும் சேதி: பிரஸ்ஸில் உதிரிப்பாகம் உருவாகும் விதம்

பால்மரத்தில் வெட்டுக்கோட்டுக்கு அடியில் செருகியிருக்கும் சின்னத் தகரத்தைத் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். கோட்டில் வழிந்து வரும் பாலை மங்கில் சேர்ப்பது அதுதான். துத்தநாகம் பூசிய தகட்டை அளவாக வெட்டி, நடுவில் வாய்க்கால் போல வளைத்து, ஒரு முனையை மரப்பட்டையில் அடித்து இறக்கத் தோதாகச் செய்த துண்டு. ஒரு வெட்டு, ஒரு மடிப்பு, வேலை முடிந்தது. சிலாங்கூரின் ரவாங், செரண்டா வட்டாரத்தில் ஒரு காலத்தில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று எழுந்திருக்கும் பிரஸ் பட்டறைகளில் நடப்பதும் அடிப்படையில் அதே வேலைதான். அங்கே கண்பார்வைக்கு அளந்தார்கள், இங்கே ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அளக்கிறார்கள்.

1993-இல் தொடங்கப்பட்ட கார் நிறுவனமான பெரோடுவா, அடுத்த ஆண்டே கஞ்சில் காரை வெளியிட்டது. அதன் ஆலை இருக்கும் சுங்கை சோ இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கூப்பிடு தூரம். காரின் கதவையும் பானட்டையும்தான் ஊர் பார்க்கிறது. சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டிருக்கும் பிராக்கெட், கிளிப், தட்டு, வளையம் எல்லாமும் தகட்டை பிரஸ்ஸில் அடித்து எடுத்தவைதாம். தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களில் யாராவது ஒருவர் அந்த பிரஸ்ஸின் முன்னால் ஷிப்ட் பார்த்திருப்பார். ஆனால் அந்த இரும்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், ‘மேலிருந்து அடிக்கும், கீழே சாமான் விழும்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

பிரஸ் வெறும் சம்மட்டி. சாமானைச் செய்வது அதற்குள் பொருத்தியிருக்கும் அச்சு. பட்டறையில் எல்லாருமே ‘டை’ என்றுதான் சொல்வார்கள். நல்ல டை பழைய பிரஸ்ஸிலும் ஓரளவு ஒழுங்கான சாமானைத் தரும். மோசமான டையைப் புத்தம் புது பிரஸ்ஸில் ஏற்றினாலும் மோசமான சாமான்தான் வரும், கொஞ்சம் வேகமாக வரும், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் தாளில் ஓட்டை போடும் கருவியை நினைத்துக்கொண்டால் டையின் பாதி புரிந்துவிடும். மேலே இறங்கும் உளி பஞ்ச். கீழே அது நுழையும் துளை டை (முழு அச்சுக்கும் இதே பெயர்தான்). பஞ்ச் மேலே ஏறும்போது தாள் அதோடு ஒட்டிக்கொண்டு போகாமல் பிடித்துக்கொள்ளும் தட்டு ஸ்ட்ரிப்பர். பிரஸ் டையிலும் இதே மூன்றுதான் அடிப்படை. தாள் மெல்லியது, தப்பு நடந்தாலும் தெரியாது. 1.2 மி.மீ. இரும்புத் தகட்டில் தப்பு ஓரத்தில் எழுதியிருக்கும்.

அந்த ஓரத்தை எப்படிப் படிப்பது என்று தெரிந்தவனுக்குப் டை செய்யும் டைமேக்கரின் வேலை பாதி தெரியும். துளையிட்ட ஒரு பிராக்கெட்டை எடுத்து, துளையின் உட்சுவரைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பஞ்ச் நுழைந்த பக்கத்தில் விளிம்பு லேசாக உள்ளே வழிந்து உருண்டிருக்கும். அடுத்து பளபளவென்று ஒரு பட்டை வரும், பஞ்ச் உண்மையிலேயே அறுத்த பகுதி அது. அதற்கும் கீழே மங்கலாக, சொரசொரப்பாக ஒரு பட்டை. அங்கே பஞ்ச் அறுக்கவில்லை. இரும்பு தாங்க முடியாமல் தானே விண்டுபோயிருக்கிறது. கடைசியில், வெளியேறும் பக்க விளிம்பில் விரலைக் கீறும் பிசிறு. ஆக, பிரஸ்ஸில் தகடு முழுக்க வெட்டப்படுவதில்லை. கொஞ்ச தூரம் வெட்டு, மிச்சம் முறிவு. சாதாரண மென்னிரும்பில் பளபளப்பான பட்டை தகட்டுக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் டை ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள்.

முறிவு எங்கே தொடங்கும் என்பதைத் தீர்மானிப்பது பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடும் இடைவெளி. பஞ்ச் முனையிலிருந்து ஒரு வெடிப்பு கீழ்நோக்கிப் போகிறது, டை முனையிலிருந்து ஒன்று மேல்நோக்கி வருகிறது. இரண்டும் வழியில் சந்தித்தால் ஓரம் சுத்தமாக இருக்கும். மென்னிரும்புக்கு ஒரு பக்கத்துக்குத் தகட்டுக் கனத்தில் 5 முதல் 10 விழுக்காடு விடுவது வழக்கம். 1.2 மி.மீ. தகட்டுக்கு 6 விழுக்காடு என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 0.07 மி.மீ., தலைமுடியின் கனம்தான் வரும். எவர்சில்வருக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக விடவேண்டும். இடைவெளி குறைந்தால் வெடிப்புகள் ஒன்றையொன்று தாண்டிப் போய், இரும்பு இரண்டாம் தடவை அறுபடும். பளபளப்புப் பட்டை இரண்டாகத் தெரியும், பஞ்ச் சீக்கிரம் மழுங்கும். இடைவெளி கூடினால் விளிம்பு அதிகமாக வழியும், பிசிறு கத்தி போல நீளும். துளையின் ஒரு பக்கம் மட்டும் பிசிறு ஏறினால் மழுங்கல் மீது பழி போடக் கூடாது. பஞ்ச் நடுவில் இல்லை, அல்லது டையின் மேல்பாதியை நேராக இறங்க வைக்கும் வழிகாட்டித் தூணின் புஷ் தேய்ந்திருக்கிறது. சாணை பிடித்தால் ஒரு நாள் சரியாகி, மறுநாள் அதே இடத்தில் மீண்டும் வரும்.

புதியவர்கள் சறுக்கும் இன்னோர் இடம் உண்டு. துளை வேண்டுமென்றால் துளையின் அளவு பஞ்சின் அளவு. கீழே விழும் துண்டுதான் சாமான் என்றால் அதன் அளவு டைத் துளையின் அளவு. 8.5 மி.மீ. துளைக்கு பஞ்சை 8.5 வைத்து, இடைவெளியை டையில் கூட்டி 8.64 ஆக்கவேண்டும். மாற்றிச் செய்தால் ஒவ்வொரு துளையும் 0.14 சின்னதாக வரும், போல்ட் ஏறாமல் அடம்பிடிக்கும். பிசிறு எந்தப் பக்கம் என்பதும் இதைப் போலத்தான். துளையின் பிசிறு தகட்டின் கீழ்முகத்தில் இருக்கும், விழுந்த துண்டின் பிசிறு அதன் மேல்முகத்தில் இருக்கும். வயர் உரசும் பக்கம் பிசிறு வரக்கூடாது என்று வரைபடத்தில் போட்டிருந்தால், டை வரையும்போதே இதை யோசித்தாக வேண்டும்.

இனி ஒரு சாமானை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 60-க்கு 40 மி.மீ. அளவுள்ள, 1.2 மி.மீ. கனமான பிராக்கெட். 8.5 மி.மீ. துளை இரண்டு, நடுவில் ‘எல்’ வடிவில் ஒரு மடிப்பு. மாதத்துக்கு நூறு துண்டு போதுமென்றால் லேசரில் வெட்டிக் கையால் மடித்துவிடலாம், டை செய்வது வீண் செலவு. முப்பதாயிரம் வேண்டுமென்றால் புரோகிரசிவ் டைதான் வழி. அதாவது ஒரே டைக்குள் பல நிலையங்கள் வரிசையாக இருக்கும். தகட்டுச் சுருளிலிருந்து வரும் பட்டி ஒவ்வோர் அடிக்கும் ஒரு நிலையம் நகரும். முதல் நிலையத்தில் பட்டியை நிலைநிறுத்த உதவும் வழிகாட்டித் துளை, இரண்டாவதில் 8.5 துளைகள், மூன்றிலும் நான்கிலும் சுற்றுவெட்டு, ஐந்து காலி, ஆறில் மடிப்பு, ஏழில் கோணத் திருத்தம், எட்டில் பட்டியிலிருந்து அறுத்து விடுதல். ஒரு துண்டு எட்டு அடி வாங்கித்தான் பிறக்கிறது. ஆனால் எட்டு நிலையமும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு துண்டு வெளியே விழும்.

ஐந்தாவது ஏன் காலி என்று கேட்பார்கள். வெட்டும் நிலையமும் மடிக்கும் நிலையமும் ஒட்டி இருந்தால் நடுவில் இருக்கும் டைச் சுவர் மெல்லியதாகி விண்டுவிடும். நாளைக்கு வாடிக்கையாளர் இன்னொரு துளை கேட்டால் சேர்ப்பதற்கும் இடம் இருக்காது. காலி நிலையம் வைக்கக் கஞ்சப்பட்டு, பிறகு டையையே தூக்கிப் போட்ட பட்டறைகள் உண்டு.

எத்தனை டன் பிரஸ் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. வெட்டும் கோட்டின் மொத்த நீளத்தைத் தகட்டுக் கனத்தாலும், இரும்பின் வெட்டுத் தாங்குதிறனாலும் பெருக்கவேண்டும். நம் பிராக்கெட்டின் சுற்றளவு 200 மி.மீ., இரண்டு துளைகளின் சுற்றளவு 53. வெட்டுத் தாங்குதிறன் சதுர மி.மீ.க்கு 300 நியூட்டன் என்று வைத்தால், 253 பெருக்கல் 1.2 பெருக்கல் 300, ஏறக்குறைய 91,000 நியூட்டன், ஒன்பது டன்னுக்குச் சற்று மேல். ஸ்ட்ரிப்பர் ஸ்பிரிங், மடிப்பு, பஞ்ச் மழுங்கும்போது ஏறும் விசை எல்லாம் சேர்த்து 15 டன் என்று வைத்துக்கொள்ளலாம். இருந்தும் இந்த டையை 60 டன், 80 டன் பிரஸ்ஸில் ஓட்டுவதைப் பார்க்கலாம். வீண்பெருமை இல்லை. எட்டு நிலையம் உள்ள டையின் நீளத்துக்கு மேசை வேண்டும். அதோடு, வெட்டு நிலையங்கள் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் சின்ன பிரஸ்ஸின் தலை சாய்ந்து, ஒரு பக்கப் பிசிறாக அது வெளியே தெரியும்.

காசு பெரும்பாலும் போவது தகட்டில். பூரிக்கு மாவைத் தேய்த்து டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டும்போது நடுவில் மிஞ்சுவதை மீண்டும் பிசைந்துகொள்ளலாம். பட்டறையில் அந்த வசதி இல்லை. மிஞ்சியது பழைய இரும்பு வாங்கும் பெசி பூரோக் லோரியில் ஏறும், வாங்கிய விலையில் ஒரு பங்குதான் திரும்பி வரும். நம் பிராக்கெட்டுக்குப் பட்டியின் அகலம் 66 மி.மீ., ஓர் அடிக்கு நகரும் தூரம் 43 மி.மீ. என்றால், ஒரு துண்டுக்குச் செலவாகும் தகடு 26.7 கிராம். சாமானாக வெளியே போவது அதில் 80 விழுக்காடு. ஒரு டன் சுருளில் ஏறக்குறைய 37,400 துண்டு கிடைக்கும். நிமிடத்துக்கு 45 அடி என்று நிற்காமல் ஓடினாலே கிட்டத்தட்ட 14 மணி நேரம். நகரும் தூரத்தை 43-லிருந்து 42 ஆக்கினால் ஒரு டன்னில் தொள்ளாயிரம் துண்டு வரை கூடுதல். ஆனால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே விடும் பாலம் தகட்டுக் கனத்துக்கு நெருக்கமாகக் குறைந்துவிட்டால், அறுந்த இழை டைக்குள் இழுபட்டுப் பஞ்சை முறிக்கும். மிச்சப்படுத்திய தகட்டின் விலை ஒரே பஞ்சில் போய்விடும்.

தகட்டிலும் சாதி பிரிக்கிறார்கள். வெட்டி மடிக்கும் வேலைக்கு எஸ்.பி.சி.சி. என்ற ஜப்பானிய தரக் குறியீட்டுக் குளிர்உருட்டுத் தகடு போதும். ஆழமாக இழுக்க எஸ்.பி.சி.இ. வேண்டும். துரு தாங்க மின்முலாம் பூசிய எஸ்.இ.சி.சி. வேண்டும். டை முனைகளுக்கு எஸ்.கே.டி.11 எஃகை, ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 60-ஐ ஒட்டிக் கடினப்படுத்துவார்கள்.

மடிப்பு வெட்டைவிட நைச்சியமான வேலை. 90 பாகைக்கு மடித்துக் கையை எடுத்தால் இரும்பு கொஞ்சம் திரும்பி விரியும். மென்னிரும்பில் ஒன்றிரண்டு பாகை, உறுதி கூடிய தகடுகளில் அதைவிட நிறையவே. அதற்காகத்தான் 88-க்கு மடிப்பது, அல்லது மடிப்பு மூலையை நசுக்கி அடங்க வைப்பது. ஏழாவது நிலையத்தின் வேலை அதுதான். புதுச் சுருள் மாட்டியதும் கோணம் மாறுவதைப் பார்த்துவிட்டு டையைத் தட்டிக் கொட்டத் தொடங்குவது பழைய வியாதி. முதலில் மைக்ரோமீட்டரில் தகட்டின் கனத்தை அளக்கவேண்டும். 1.20 இருந்த இடத்தில் 1.16 வந்திருந்தால் குற்றவாளி டை இல்லை. மடிப்புக்கோடு தகடு உருட்டப்பட்ட திசைக்குக் குறுக்காக இருக்கவேண்டும் என்பதும் மறக்கக் கூடாதது. அந்தத் திசையோடே இணையாக மடித்தால் வெளிப்பக்கத்தில் நரம்பு நரம்பாக வெடிப்பு வரும். மடிப்புக்கு மிக அருகில் துளை இருந்தால் அது முட்டை வடிவமாக இழுபடும். மடிப்பின் உள்வளைவு முடியும் இடத்திலிருந்து துளை விளிம்பு குறைந்தது தகட்டுக் கனத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும்.

கிண்ணம் போல இழுத்தெடுக்கும் வேலைக்குத் தனிக் கட்டுரையே வேண்டும். ஒரு கணக்கை மட்டும் சொல்லலாம். 50 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. உயரமும் உள்ள கிண்ணத்துக்குத் தொடக்க வட்டத் தகடு ஏறத்தாழ 92 மி.மீ. இருக்கவேண்டும். இது கிண்ண விட்டத்தைப் போல 1.84 மடங்கு. இரண்டு மடங்கை நெருங்கினாலே ஒரே இழுப்பில் அடிமூலை கிழியும், இரண்டு இழுப்பாகப் பிரிக்கவேண்டும். ஓரத்தை அழுத்திப் பிடிக்கும் வளையம் தளர்ந்தால் சுருக்கம், இறுகினால் கிழிசல். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்ன இடத்தில்தான் பிழைப்பு.

ஓடிக்கொண்டிருக்கும் டையில் ஆளை அலைக்கழிப்பது துளையிலிருந்து விழவேண்டிய சின்ன வட்டத் துண்டு. எண்ணெய்ப் பசையிலும் காந்தத்திலும் பஞ்ச் முனையில் ஒட்டிக்கொண்டு அது மேலே ஏறிவரும். பட்டியின் மேல் விழும். அடுத்த அடியில் நசுங்கி, சாமானில் ஒரு பள்ளம் போடும். நூறு துண்டுக்கு ஒன்று இப்படி வந்தால் தர ஆய்வில் பிடிப்பது கடினம், காரணம் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். பஞ்சுக்குள் ஸ்பிரிங் ஊசி வைத்துத் தள்ளுவது, பஞ்சை டைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்குவது, சாணை பிடித்தபின் காந்தம் நீக்குவது, கீழிருந்து காற்றால் உறிஞ்சுவது என்று நாலைந்து வைத்தியம் இருக்கிறது. மூன்றாவதைத்தான் அவசரத்தில் எல்லாரும் மறப்பார்கள். காந்த மேசையில் பிடித்துச் சாணை போட்ட பஞ்ச் அப்படியே டைக்குத் திரும்பிப்போகும்.

பட்டி சரியாக நகராததும் பெரிய சேதத்தில் முடியும். ஃபீடர் ஒவ்வோர் அடிக்கும் 43 மி.மீ. தள்ளும், கடைசி நேர நுணுக்கத்தை வழிகாட்டி ஊசிகள் துளைக்குள் நுழைந்து சரிசெய்யும். அந்த நொடியில் ஃபீடரின் உருளை பட்டியை விட்டுவிட வேண்டும். உருளை விடும் நேரம் தவறினால் ஊசி பட்டியோடு மல்லுக்கட்டித் துளையைக் கிழிக்கும். கிழிந்த வழிகாட்டித் துளை, பட்டி கோணலாகப் போவதை முன்கூட்டியே சொல்லும் சாட்சி.

பிசிறு ஏறத் தொடங்கியதும், “அண்ணே, ஓரம் கையைக் கிழிக்குது” என்று சொல்லும் ஆபரேட்டரைத்தான் நல்ல சூப்பர்வைசர் விரும்புவார். தகட்டுக் கனத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிசிறு வந்தால் நிறுத்துவது பல பட்டறைகளின் வழக்கம். பஞ்சிலும் டையிலும் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை சாணை பிடித்தால் முனை திரும்பும். ‘ஆர்டர் முடியட்டும்’ என்று ஓட்டினால் மழுங்கல் ஆழமாகி, அரை மில்லி சாணை பிடிக்கவேண்டி வரும், டையின் ஆயுள் அந்த அளவுக்குக் குறையும். சாணைக்குப் பிறகு வெட்டு நிலையங்கள் தாழ்ந்துவிடும், மடிப்பு நிலையம் பழைய உயரத்திலேயே நிற்கும். அடியில் அதே கனத்துக்குத் தகட்டுத் துண்டு வைத்து ஈடுகட்டாவிட்டால், பிசிறு போன சந்தோஷத்தில் கோணம் கெட்டிருப்பதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

டையை ஏற்றும்போது செட்டர் முதலில் மேசையையும் டையின் அடியையும் துடைப்பார். ஒரு சின்னப் பிசிறு நடுவில் மாட்டினாலும் டை சாய்ந்து உட்காரும். டையின் மூடிய உயரத்தைவிட பிரஸ்ஸின் உயரத்தைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, மெல்ல இறக்கிக் கீழ்க்கோடியில் நிறுத்தி, மேல்பாதியை முடுக்குவார். பிறகு தகடு இல்லாமல் அங்குலம் அங்குலமாக ஒரு சுற்று. அதன்பின் பட்டியைக் கையால் விட்டு, ஒரு நிலையத்துக்கு ஓர் அடியாக, எட்டு நிலையமும் நிரம்பும்வரை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். முதல் முழுத் துண்டு கியூசி (தர ஆய்வு) மேசைக்குப் போய், கையெழுத்தோடு திரும்பிய பிறகுதான் தானியங்கி ஓட்டம்.

விரல் போகும் கதைகள் இந்த ஊர்ப்பக்கம் நிறைய. பெரும்பாலும் ஒற்றை டையில், கையால் துண்டு வைத்து எடுக்கும் வேலையில், கால்மிதி வைத்து ஓட்டும் பழைய பிரஸ்ஸில்தான் நடக்கும். சாவி கிளட்ச் உள்ள பழைய பிரஸ்ஸை ஒரு தடவை விட்டுவிட்டால் முழுச் சுற்று சுற்றித்தான் நிற்கும், நடுவில் பிடித்து நிறுத்த முடியாது. சாவி தேய்ந்தால், மிதிக்காமலேயே இரண்டாம் அடி விழும். காற்று அழுத்தத்தில் இயங்கும் உராய்வு கிளட்சும் இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தவேண்டிய இருகைப் பொத்தானும், கை குறுக்கிட்டால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரையும் வந்தது இதனால்தான். ஒளித்திரையை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. பிரஸ் நிற்க 200 மில்லி நொடி ஆகுமென்றால், கை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் வரும் என்று வைத்து, குறைந்தது 320 மி.மீ. தள்ளி வைக்கவேண்டும். பிரேக் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும், முன்பு போதுமானதாக இருந்த தூரம் இன்று போதாமல் போகும். இருகைப் பொத்தானில் ஒன்றை டேப் போட்டு ஒட்டிவைப்பது வேகத்துக்காகச் செய்யும் வேலை. அதைக் கண்டும் காணாமல் போகும் சூப்பர்வைசருக்கும் அந்த விரலில் பங்கு உண்டு.

மலேசியாவில் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் எல்லாம் வந்துவிட்டன. சத்தத்துக்கு 2019-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் வரம்பு. பிரஸ் வரிசையில் அதைத் தாண்டுவது சாதாரணம், காதடைப்பான் கழுத்தில் தொங்குவதும் சாதாரணம்.

ஆர்டர் முடிந்து டையை இறக்கும்போது ஒழுங்கான பட்டறையில் ஒரு வேலை செய்வார்கள். கடைசியாக ஓடிய பட்டியை, எட்டு நிலையத்தின் அடையாளமும் அதில் இருக்கும்படி வெட்டி எடுத்து, கடைசித் துண்டோடு சேர்த்துக் கம்பியால் டையிலேயே கட்டிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த ஆர்டர் வரும்போது, டைமேக்கர் அந்தப் பட்டியைத்தான் முதலில் வெளிச்சத்தில் பிடிப்பார். மூன்றாவது நிலையத்தின் இடப்பக்கம் பிசிறு ஏறியிருந்தால், டையை பிரஸ்ஸுக்கு அனுப்பாமல் நேராகச் சாணைக்கு அனுப்பிவிடுவார்.